திசுநிறுத்தி: ஃபார்மலின் வகைக்கு ஒரு பொதுப்பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆய்வகத்தில் திசுவைப் போட்டு வைக்கும் ஃபார்மலின், ஆல்கஹால் போன்றவற்றுக்கு (ஆங்கிலத்தில் fixative) தமிழில் பொதுப்பெயராக ‘பதப்பொருள்’, ‘பிணைப்பி’ என்ற இரண்டு சொற்கள் நம் கலைச்சொல் உரையாடலில் வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

பதப்பொருள் என்றதும் ஊறுகாய்தான் நினைவுக்கு வரும். அதில் உப்பானது நீரை இழுத்துக்கொண்டு கிருமியை வளரவிடாமல் தடுக்கிறது. ஃபார்மலின் செய்வது வேறு. அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு, புரதத்தின் அமினோ தொகுதிகளில், குறிப்பாக லைசின் என்ற அமினோ அமிலத்தில், பற்றிக்கொண்டு பக்கத்துப் புரதத்துக்கு மெத்திலீன் பாலம் போடுகிறது. திசுவின் புரதமா, பாக்டீரியாவின் புரதமா என்று பேதம் பார்ப்பதில்லை. நொதிகள் முடங்குகின்றன, திசு அழுகுவதும் நிற்கிறது, கிருமியும் சாகிறது. இரண்டும் ஒரே வினைதான். 1893இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் புளூம் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல்தோல் கெட்டிப்பட்டதைக் கவனித்த பிறகே திசுவுக்கும் ஆகும் என்று கண்டார்.

‘பிணைப்பி’ ஃபார்மலினுக்குக் கச்சிதம். ஆனால் ஆல்கஹால் பாலம் எதுவும் போடுவதில்லை. நீரை வெளியேற்றிப் புரதத்தைத் திரள வைக்கிறது. அதை என்னவென்று அழைப்பது?

என் பரிந்துரை, ‘திசுநிறுத்தி’. தூணையும் நிறுத்துகிறோம், ஓட்டத்தையும் நிறுத்துகிறோம். செல்லை இருந்த வடிவிலேயே நிற்க வைப்பது, அழுகலை நிற்க வைப்பது என்ற இரண்டு பொருளையும் ‘நிறுத்து’ ஒன்றே தாங்கிக்கொள்ளும்.

பெயரில் ‘கிருமிக்கொல்லி’ என்பதும் சேர வேண்டும் என்ற கருத்தை மட்டும் ஏற்க மாட்டேன். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான் ஊறும், போகப்போக இன்னும் மெதுவாக. தடித்த கல்லீரல் துண்டை அவசரப்பட்டு வெட்டிப் பாருங்கள்: ஓரம் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும், நடுவில் சிவப்பாகக் கொழகொழவென்று இருக்கும். காசநோய்க் கிருமி அங்கே உயிரோடிருக்கலாம். நோய் பரப்பும் புரதங்களான பிரியான்களையோ ஃபார்மலினால் அழிக்கவே முடிவதில்லை. அதற்கு ஃபார்மிக் அமிலத்தில் தனியாக ஊறவைக்க வேண்டும். பெயரை நம்பி ஒரு மாணவர் கையுறையைக் கழற்றிவிடக் கூடாது.

செயலுக்கு ‘திசுநிறுத்தம்’ என்று வைக்கலாம். இலங்கை நண்பர்கள் திசுவை இழையம் என்பதால் ‘இழையநிறுத்தி’யும் இணையாக இருக்கட்டும். அப்புறம், ‘நிறுத்திய திசு’ என்ற பெயரெச்சம் நோயியல் அறிக்கையில் இயல்பாக வருமா? அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.