பழசாகத் தெரியாத சமையலறை வேண்டும்

மருதமலைக்காரி: கோவையில் வீடு கட்டுகிறோம். சமையலறை 10க்கு 8 அடி. அலமாரிக் கதவுகளுக்குப் பளபளக்கும் சிவப்பு அக்ரிலிக் ஷீட் போடச் சொல்கிறார் ஆசாரி. சீக்கிரம் அலுத்துவிடாதா?

செல்வி: வேண்டாங்க அக்கா. எங்கள் அபார்ட்மென்டில் பாதி வீட்டில் அதே சிவப்புதான். பார்த்ததுமே எந்தக் காலத்து வேலை என்று தெரியும். எண்ணெய்க் கைரேகை வேறு. பளபளப்பில்லாத மேட் மைக்கா ஷீட் போடுங்கள். அப்புறம், காபிக் கோப்பை, பழக்கூடை படம் போட்ட டைல்ஸ் பக்கமே போகாதீர்கள்!

கதிர்: உள்தட்டுக்குக் கடப்பாக் கல் வையுங்கள். நிறம் அலுத்தால் கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிளைவுட் என்றால் தண்ணீர் தாங்கும் 710 கிரேடு வாங்குங்கள்.

மருதமலைக்காரி: சரிங்க. மேடைக்கு வெள்ளை மார்பிள்?

செல்வி: தினமும் மஞ்சளும் புளியும் புழங்கும் இடத்திலா? புளி பட்டால் பாலிஷ் போய்விடும். கறுப்பு கிரானைட்டே போடுங்கள்.