குருதி ஊற்றுக்கலம்

அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

வேறு வேறு கலங்களை (cells) உண்டாக்குகிற stem cell-க்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதானே பேச்சு. அக்கா சொன்ன 'குருத்துக்கலம்' நல்ல சொல்தான். தமிழகத்தில் 'குருத்தணு' நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வன்னியில் குருத்து என்றதும் பனைதான் கண்ணுக்கு முன் வரும். ஷெல் பட்டுத் தலை இழந்த பனைகளைப் பார்த்த ஆட்கள் நாங்கள். குருத்துப் போனால் பனை போனதுதான். கதிர்வீச்சுப் பட்ட என்பு மச்சை (இரத்தம் உண்டாகிற எலும்பு மஜ்ஜை) அப்படியல்ல. கொஞ்சக் கலங்கள் தப்பியிருந்தால் மீண்டுவிடக்கூடும். 'மூலக்கலம்' வேண்டவே வேண்டாம். மூலகம் (element), மூலக்கூறு (molecule) என்று பிள்ளைகள் ஏற்கெனவே குழம்புகிறார்கள். மூலவியாதியை நான் சொல்லத் தேவையில்லை.

'ஊற்றுக்கலம்' என்று வைத்தால் என்ன? இரத்தத்துக்கு 'குருதி ஊற்றுக்கலம்'.

ஆவணியில் எங்கள் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினோம். அடியில் விரல் நுழையும் அளவில் ஒரு ஊற்றுக்கண், மணலைக் கிளப்பிக்கொண்டு கொப்புளித்தது. விடியப் பார்த்தால் முழங்காலளவு தண்ணீர். கண் அடைபட்டாலும் கிணறு அன்றைக்கே வற்றாது, கிடக்கிற தண்ணீர் தீரவேண்டும். கதிர் பட்ட உடம்பிலும் இதே கதைதான்: மச்சையில் ஊற்றுக்கலம் செத்தாலும், ஏற்கெனவே இரத்தத்தில் ஓடுகிற கலங்கள் தீரவேண்டும். இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டு (platelet) பத்து நாள் மட்டில் இருக்கும், செங்குழியம் (சிவப்பணு) 120 நாள். அதனால் குறைவு பிந்தித்தான் தெரியும். நிணநீர்க்குழியம் (lymphocyte, வெள்ளணுவில் ஒரு வகை) மட்டும் விலக்கு: கதிர் அதையே நேராகக் கொல்வதால் ஓரிரு நாளில் விழுந்துவிடும்.

1961இல் ஜேம்ஸ் ரில் (James Till), ஏர்ணஸ்ட் மக்கலக் (Ernest McCulloch) என்ற ஆய்வாளர் இருவரும் (எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் இருக்கிற ரொறன்ரோவில்தான்) சாகுமளவு கதிர் பாய்ச்சிய எலிகளுக்கு மச்சைக் கலங்களை ஏற்றினார்கள். பத்து நாளளவில் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே கலத்திலிருந்து வந்தது என்பதை 1963இல், கதிர் நிறமூர்த்தத்தில் (chromosome) விட்ட தழும்பை வைத்தே காட்டினார்கள். ஒரு முடிச்சுக்கு ஒரு ஊற்றுக்கண்!

ஒரு குறை இருக்கிறது. இந்தக் கலம் தன்னைப்போல இன்னொன்றையும் உண்டாக்கும். ஊற்று அப்படிச் செய்யாது. அதற்கு விதைநெல்தான் பொருத்தம். ஆனால் 'வித்துக்கலம்' என்றால் பாடநூலில் உள்ள 'வித்தி'யோடு (spore) மோதும். அதனால் விட்டேன்.

மச்சை மீள்வதற்கு 'மீளூறல்' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் சிக்குகிறது. அம்மாவிடம் கேட்டேன். "இதுக்கென்ன புதுச்சொல்? முருங்கையிலை தின்டா ரத்தம் ஊறும் எண்டு சொல்லுறேல்லையா?" என்றார். சரி, 'மச்சை ஊறல்' போதுமா, அக்கா?