√−4 × √−9: விடை 6-ஆ, −6-ஆ?

அயோத்தியாப்பட்டணம் அப்பா
பொண்ணு பிளஸ் டூ. கலப்பு எண்கள் பாடத்துல √−4 × √−9 = √36 = 6-னு போட்டிருக்கா. விடை −6-னு இருக்கு. மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ்தானே? அதோட, எதை வர்க்கப்படுத்தினாலும் மைனஸ் வராதுன்னு பத்தாவது வரைக்கும் சொல்லிட்டு இப்ப √−1 இருக்குன்னா, எப்படிங்க புரிய வைக்கிறது?

செவ்வாய்ப்பேட்டை கணக்கு
−6தாங்க சரி. √அ × √ஆ = √(அ × ஆ) என்ற விதி, ரெண்டும் மைனஸா இருந்தா செல்லாது. செல்லும்னு வெச்சா 1 = √(−1 × −1) = √−1 × √−1 = −1-னு வந்து நிக்கும்.

பெருக்கறதுக்கு முன்னாடியே √−1-ஐ வெளியே எடுக்கச் சொல்லுங்க. அதை ‘ஐ’-னு எழுதிக்கலாம். √−4 = 2ஐ, √−9 = 3ஐ. பெருக்கினா 6ஐ²; ஐ² = −1, அதனால −6.

வகுத்தல்லயும் இதே வம்பு. √4 ÷ √−1 = 2/ஐ = −2ஐ. ஒரே மூலத்துக்குள்ள தள்ளினா √−4, அதாவது 2ஐ. குறி மாறிப்போச்சு பாருங்க. மார்க் போறது பெரும்பாலும் இங்கதான்.

அடிவாரம்
ரெண்டாவது கேள்விக்கு: ‘மெய்யெண்கள்ல (எண்கோட்டுல இருக்கிற சாதாரண எண்கள்ல) வராது’ன்னு சேர்த்துச் சொல்லியிருக்கணும், அவ்வளவுதான். ஏற்காடு ரோட்டுல ஒரு கொண்டை ஊசி வளைவை நெனைச்சுக்கோங்க. வண்டி முகம் 180° திரும்புது. −1-ஆல் பெருக்கறது அதுதான். ரெண்டு தடவை செஞ்சா 180° வர்ற திருப்பம் எது? 90°. அதுதான் ஐ. எண்கோட்டை விட்டுத் தளத்துக்கு வந்துட்டா ஒரு மர்மமும் இல்ல. ஐ, −1, −ஐ, 1-னு நாலு அடிக்கு ஒருமுறை சுத்திவரும். ஐ²⁰²³ கேட்டா 2023-ஐ 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்க. மீதி 3, விடை −ஐ.

பழங்கணக்கு
இது வேண்டாத கற்பனை இல்லைங்க. ஒரு எண்ணின் கனம் = அதன் 15 மடங்கு + 4. விடை 4-னு மனசாலயே பார்க்கலாம். ஆனா முப்படிச் சூத்திரத்துல போட்டா உள்ளே √−121, அதாவது 11ஐ, வந்து உக்காரும்; விடை 2 + 11ஐ, 2 − 11ஐ ரெண்டோட கனமூலங்களைக் கூட்டினதா நிக்கும். 1572-ல இத்தாலியின் பொம்பெல்லி, (2 + ஐ)³ = 2 + 11ஐ-னு கண்டு, (2 + ஐ) + (2 − ஐ) = 4-னு முடிச்சார். கற்பனைப் பகுதி நடுவுல வந்து, தானே அடிபட்டுப் போச்சு.

தறி மோட்டர்
அம்மாப்பேட்டை தறிப் பட்டறையிலும் இதே கணக்குதான். மோட்டர் சுருளோட மின்மறுப்பு (ஏசி கரண்டுக்கு அது காட்டற மொத்த எதிர்ப்பு) 30 + 40ஐ ஓம்னு வெச்சுக்கோங்க. மட்டு மதிப்பு, அதாவது அதோட அளவு, √(900 + 1600) = 50. 230 வோல்ட்டுக்கு 4.6 ஆம்பியர். பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்ட்ல நிஜமா வேலைக்கு ஆகிற பங்கு) 30/50 = 0.6. 30-ஐயும் 40-ஐயும் நேராக் கூட்டி 70-னு போட்டா கரண்ட் தப்பா வரும். கெப்பாசிட்டர் போடறதே அந்த 40ஐ பண்ற வேலையை ஈடுகட்டத்தான். எங்க வழக்கத்துல மட்டும் ‘ஐ’ கரண்டுக்குப் போயிடுச்சு, √−1-க்கு ‘ஜே’.

அயோத்தியாப்பட்டணம் அப்பா
அப்ப √−4-க்கு −2ஐ-யும் விடைதானேங்க?

செவ்வாய்ப்பேட்டை கணக்கு
வர்க்கம் −4 ஆகிற எண் எதுன்னு கேட்டா ரெண்டும்: 2ஐ, −2ஐ. √ குறி போட்டுக் கேட்டா 2ஐ மட்டும்.