நிறுவனர் எப்போது நாற்காலியை விட வேண்டும்?

ஆதவன்77: "ஐம்பது ஊழியர்களைத் தாண்டிவிட்டால் நிறுவனர் சிஇஓ (தலைமைச் செயல் அதிகாரி) பதவியை விட்டுவிட வேண்டும்" என்று ஒரு மேதாவி நேற்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என்ன கணக்கு ஐயா இது? பிள்ளையின் அருமை பெற்றவளுக்குத்தான் தெரியும். 1985இல் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸை சிஇஓ பதவியிலிருந்து துரத்திய ஆப்பிள், திவாலாகப் போகும் நிலையில் 1997இல் அவர் காலில்தான் விழுந்தது. போதுமா?

ஒற்றைப்புள்ளி: போதாது. 1985இல் ஜாப்ஸ் சிஇஓவே இல்லை. 1983 முதல் ஜான் ஸ்கல்லி. பெப்சியிலிருந்து அவரை வலிய அழைத்து வந்ததே ஜாப்ஸ்தான். இல்லாத பதவியிலிருந்து எப்படித் துரத்துவார்கள்?

ஆதவன்77: பதவிப் பெயரைப் பிடித்துத் தொங்காதீர்கள். துரத்தினார்களா, இல்லையா?

ஒற்றைப்புள்ளி: மே மாதம் மேக்கின்டாஷ் கணினிப் பிரிவைப் பிடுங்கினார்கள். செப்டம்பரில் அவரே ராஜினாமா செய்தார். சிஇஓவாக அல்ல.

பழையஊழியன்: நடுவில் நான் ஒன்று சொல்கிறேன். நான் இருந்த கம்பெனியில் நூற்றிருபது பேர். எந்தச் செலவுச் சீட்டானாலும் நிறுவனர் கையெழுத்து வேண்டும். ஒரு முறை பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது, அவர் வெளிநாட்டில். ஒன்பது நாள் காத்திருந்தோம். திரும்பி வந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறுப்பு மட்டும் போதுமே, கலர் எதற்கு?" என்றார். அருமையான பொறியாளர். ஆனால் அன்றே விலகியிருக்க வேண்டும். பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருந்தால் எப்போது நடக்கும்?

ஆதவன்77: வேலையை விட்டவர் முதலாளியைப் புகழவா போகிறார்!

பழையஊழியன்: பங்குப் பிரிப்பு பற்றிய விவாதத்தில் உங்களை மறுத்து எழுதினேன் அல்லவா, அன்றிலிருந்து இந்தக் குத்தல்தான்.

வேனில்: விலகினால் திரும்பவே முடியாதா என்ன? கூகுள் நிறுவனர் லாரி பேஜ் 2001இல் சிஇஓ பதவியை எரிக் ஷ்மிட்டிடம் கொடுத்தார், 2011இல் திரும்ப வாங்கிக்கொண்டார். யாஹூவில் அதன் நிறுவனர் ஜெர்ரி யாங் 2007இல் சிஇஓ ஆனார். அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் யாஹூவை 4,460 கோடி டாலருக்குக் கேட்டது, கொடுக்கவில்லை. 2009 ஜனவரியில் பதவி போயிற்று. பாசம் மட்டும் போதாது.

ஒற்றைப்புள்ளி: அதெல்லாம் இருக்கட்டும், ஆதவன் இன்னும் திருத்தவில்லை. ஆப்பிளின் சிஇஓ முதலில் மைக்கேல் ஸ்காட், அப்புறம் மைக் மார்க்குலா, அப்புறம் ஸ்கல்லி. ஜாப்ஸுக்கு அந்த நாற்காலி 1997இல்தான் கிடைத்தது, அதுவும் 'இடைக்கால' என்ற ஒட்டோடு.

ஆதவன்77: சரி, நாற்காலி இல்லை. கம்பெனி அவர் உருவாக்கியதுதானே? அதைத்தான் சொன்னேன்.

ஒற்றைப்புள்ளி: நீங்கள் சொன்னது "சிஇஓ பதவியிலிருந்து". மேலே போய்ப் படியுங்கள்.

ஆதவன்77: முதலில் ஒரு கம்பெனி தொடங்கிவிட்டு வந்து பேசுங்கள்.

ஒற்றைப்புள்ளி: தொடங்கினேன், நடத்தினேன், விற்றேன். அப்போதும் ஜாப்ஸ் 1985இல் சிஇஓ இல்லை.

பழையஊழியன்: எத்தனை பேர் வந்ததும் விற்றீர்கள்?

ஒற்றைப்புள்ளி: அது வேறு விஷயம்.

வேனில்: அந்த ஐம்பது பேர் கணக்கை எழுதியவர் எங்கே போனார்?