அடையாள அணிவகுப்பை வழக்கை விசாரிக்கும் அதிகாரியே நடத்தலாமா?

மாறன்:
சந்தேக நபரை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி, குற்றம் செய்தவர் யாரென்று சாட்சியைக் காட்டச் சொல்வதுதான் அடையாள அணிவகுப்பு. அதை விசாரிக்கும் அதிகாரியே நடத்தக் கூடாது என்பது என் கட்சி. சந்தேக நபர் யாரென்று தெரிந்தவர் பக்கத்தில் நின்றால், நேரடியாகச் சொல்லாமலே காட்டிக்கொடுத்துவிடுவார். சாட்சியின் பார்வை வேறொருவர் மீது நின்றால் "நிதானமா பாருங்க" என்பார். 'சரியான' ஆளிடம் நின்றால் உடனே எழுதத் தொடங்குவார். கெட்ட எண்ணமே தேவையில்லை, தன்னையறியாமல் நடக்கும். சந்தேக நபர் யாரென்று தெரியாத அதிகாரிதான் நடத்த வேண்டும்.

ராஜசேகர்:
ஏட்டுச் சுரைக்காய். நாலைந்து பேர் வேலை பார்க்கும் ஸ்டேஷனில் வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத ஆளுக்கு எங்கே போவது? கழுத்தில் கத்தி வைத்தவன் முகத்தை யாராவது மறப்பார்களா? விதிமேல் விதி போட்டால் குற்றவாளிதான் தப்புவான். பாதிக்கப்பட்டவர்களுக்காக யார் பேசுவது?

தமிழ்ச்செல்வி:
ராஜசேகர் சார், பாதிக்கப்பட்டவர்களுக்காகத்தான் நானும் பேசுகிறேன். 1984-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு மாணவி, இவனைப் பிடித்துக்கொடுத்தே தீருவேன் என்று அந்த முகத்தை உன்னிப்பாகப் பார்த்து வைத்திருந்தார். முதலில் போட்டோக்களில் ரொனால்ட் காட்டனைக் காட்டினார். பிறகு நேரடி வரிசையிலும் அவரையே காட்டினார். இரண்டிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான். போட்டோவிலும் இவரைத்தான் காட்டினீர்கள் என்று போலீசார் சொன்னதும், அவருக்கிருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது. 1987 மறுவிசாரணையில் உண்மையான குற்றவாளியையே எதிரில் நிறுத்தியும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. 1995-ல் டிஎன்ஏ சோதனைதான் காட்டனை விடுவித்தது. பத்தாண்டுக்கு மேல் ஒரு நிரபராதி சிறையில் கிடந்தார். நிஜக் குற்றவாளியோ தான் பிடிபடும்வரை வேறு பெண்களையும் தாக்கினான். அந்தப் பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

மாறன்:
ஆள் பற்றாக்குறைக்கும் வழி இருக்கிறது சார். போட்டோக்களைத் தனித்தனி உறைகளில் போட்டுக் கலைத்துவிடுங்கள். சாட்சி எந்த உறையைப் பிரிக்கிறார் என்பது அதிகாரிக்கே தெரியாது. உறைகளுக்கு ஆகும் செலவுதான்.

ராஜசேகர்:
உறை முறையை ஏற்கிறேன். ஆனால் எல்லாரையும் ஒன்றாக நிறுத்தாமல் ஒவ்வொருவராகக் காட்ட வேண்டும் என்று சிலர் சொல்வதை ஏற்க மாட்டேன். அதில் தவறான அடையாளம் குறையும்போது சரியான அடையாளமும் சேர்ந்தே குறைகிறது. 2014-ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகத்தின் அறிக்கைகூட எது மேல் என்று தீர்த்துச் சொல்லவில்லை.

தமிழ்ச்செல்வி:
அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. மூன்று விஷயங்களை மட்டும் விட மாட்டேன். "அவன் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். எவ்வளவு உறுதி என்பதை, யாரும் எதுவும் பேசுவதற்கு முன், அவர் சொன்ன வார்த்தையிலேயே பதிய வேண்டும். நாள் போகப் போக உறுதி ஏறிக்கொண்டே போகும், கோர்ட்டில் அந்த ஏறிய உறுதியை நம்பக் கூடாது. கூட நிற்பவர்கள் சாட்சி சொன்ன வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். சம்பவத்தைப் பார்க்காத சிலரிடம் அந்த வர்ணனையை மட்டும் கொடுத்து ஆளைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலோர் சந்தேக நபரையே காட்டினால் அந்த வரிசை செல்லாது. இங்கிலாந்தில் சந்தேக நபரோடு குறைந்தது 8 பேர் இருந்தாக வேண்டும்.

ராஜசேகர்:
கன்னத்தில் பெரிய தழும்பு உள்ளவனுக்கு 8 பேரை எங்கே தேடுவது?

மாறன்:
தேட வேண்டாம். எல்லார் கன்னத்திலும் அதே இடத்தில் ஒரே மாதிரி பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நிறுத்துங்கள்.