மெஸ்ஸர்ஷ்மிட் ஜிகாண்ட்: இவ்ளோ பெரிய பிளேனை எந்த தைரியத்துல சண்டைக்கு அனுப்புனாங்க?

கோத்தகிரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனிக்காரன் ஓட்டுன சரக்கு பிளேன், மீ 323 ஜிகாண்ட் போட்டோ பார்த்ததுல இருந்து மண்டைக்குள்ள அதேதான் ஓடுது. ஆறு இன்ஜின், மூக்கே ரெண்டா பிளந்து கதவு மாதிரி திறக்குது, ஆனா மேல துணிதான் போர்த்தியிருக்காங்களாம், நெஜமா? அப்பா டீ ஃபேக்டரி லோடு ஓட்டுறவர், "வெயிட்டு ஏத்துறது பெருசில்ல, இன்ஜின் இழுக்கணுமே"ன்னு கேட்டாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெலிங்டன் அண்ணாச்சி:
தம்பி, அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. இது மொதல்ல இன்ஜினே இல்லாத கிளைடர், மீ 321. இங்கிலாந்து மேல படையெடுக்கும்போது டாங்கை அப்படியே கொண்டுபோய் எறக்கணும்னு 1940ல பிளான் போட்டு, 1941 பிப்ரவரில பறக்க விட்டாங்க. இழுக்கத்தான் ஆள் இல்ல. மூணு பிஎஃப் 110 ஃபைட்டர் பிளேன் சேர்ந்து கயிறு கட்டி இழுத்துச்சு, ஒண்ணு கொஞ்சம் பிசகினாலும் எல்லாருக்கும் ஆபத்து, விபத்தும் நெறைய. அப்புறம் ரெண்டு ஹெய்ங்கல் குண்டுவீச்சு பிளேனை ஒட்டவச்சு நடுவுல அஞ்சாவது இன்ஜின் மாட்டி இழுத்துப் பார்த்தாங்க. கடைசில அதுலயே ஆறு இன்ஜினை மாட்டுனாங்க, அதுவும் பிரெஞ்சு நோம்-ரோன், ஏன்னா ஜெர்மன் இன்ஜின் சண்டை பிளேனுக்கே பத்தல. ஆனா இன்ஜினும் பெட்ரோலும் ஏறுனதும் கிளைடர் தூக்குன 20 டன் லோடு கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு. பர்லியார் மலை ஏத்தத்துல ஃபுல் லோடு லாரி ஊர்ற மாதிரிதான் இதோட வேகமும், மணிக்கு சுமாரா 220 கிலோமீட்டர்.

துணி நெஜம்தான், இரும்புக் குழாய் சட்டம், அது மேல பலகையும் துணியும். றெக்கை 55 மீட்டர். இன்ஜினுக்கு நடுவுல றெக்கைக்குள்ளயே குட்டி கேபின் வச்சு இன்ஜினை பார்த்துக்க ரெண்டு இன்ஜினியர் உக்காந்திருந்தாங்க, இதை நெனச்சா எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்குது. அடில பத்து சக்கரம், கரடுமுரடு தரைலயும் எறங்கும். டிசைனை நான் குறை சொல்ல மாட்டேன்.

கொடை மேகம்:
அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க, தப்பு பண்ணது பிளேன் இல்ல, அனுப்புனவங்க. 1943 ஏப்ரல் 22, துனிசியால மாட்டிக்கிட்ட ஜெர்மன் படைக்கு சப்ளை கொண்டுபோன ஜிகாண்ட் கூட்டம், பல பிளேன்ல பெட்ரோல் பீப்பாய், துனிசியாவோட கேப் பான் முனை பக்கத்துல எதிரியோட ஃபைட்டர் பிளேன்களான ஸ்பிட்ஃபயரும் கிட்டிஹாக்கும் பாய்ஞ்சிடுச்சு. காவலுக்கு வந்த ஃபைட்டர் பத்தல. பாதிக்கு மேல கடல்ல விழுந்துச்சு, உள்ள இருந்தவங்க நெலமைய யோசிங்க. துணில குண்டு பூந்து வெளிய போயிடும், பெட்ரோல் பீப்பாய்ல பட்டா?

நம்ம ஏர்ஃபோர்ஸ் 1988 நவம்பர் 3 ராத்திரி ஐஎல் 76ங்கிற பெரிய சரக்கு பிளேன்ல ஆக்ராவுல இருந்து, ஆட்சியைக் கவுக்கப் பார்த்தவங்களை அடக்க மாலத்தீவுக்கு பாராசூட் படையை கொண்டுபோய் எறக்குச்சே, அங்க எதிரிக்கு ஃபைட்டரே கிடையாது. பெரிய பிளேனை அப்படி எடத்துக்குத்தான் அனுப்பணும்.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, அப்பாவுக்கு வாசிச்சு காட்டுனேன். முழுசா ஒரு ஜிகாண்டாவது மிஞ்சியிருக்கா?

வெலிங்டன் அண்ணாச்சி:
முழுசா ஒண்ணும் இல்ல தம்பி. இத்தாலியோட சார்டினியா தீவு பக்கம் கடலடில ஒண்ணு கெடக்குறத 2012ல கண்டுபிடிச்சாங்க.