பழைய பிளேனரில் இழைத்த பலகையின் நடுவே பள்ளம் விழுகிறது: மேசையை அரைக்கக் கொடுக்க வேண்டுமா?

கார்ஷெட் தச்சர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோவையில் என் மாமனார் நடத்திவந்த தச்சுப் பட்டறையை மூடியபோது, விற்க மனம் வராமல் அவர் ஒதுக்கிவைத்த 9 அங்குல வார்ப்பிரும்பு பிளேனரை நான் கேட்டு வாங்கி வந்தேன். பலகையை முன்மேசையிலிருந்து, சுழலும் கட்டர் பிளாக்கில் பூட்டிய பிளேடுகளுக்கு மேலே, பின்மேசைக்குக் கையால் தள்ளி இழைக்கும் வகை அது. எட்டு ஆண்டுகள் தார்ப்பாயின் கீழ் கிடந்த அந்த இயந்திரத்தை வீட்டுக் கார் ஷெட்டில் வைத்து, ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு ஒருவாறு உயிர்ப்பித்திருக்கிறேன். கழற்ற முடிந்த சிறு பாகங்களைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் மின்சாரத்தால் துருவை நீக்கினேன். கட்டர் பிளாக்கின் இரண்டு பேரிங்குகளும் (எண் 6205) புதியவை. மூன்று பிளேடுகளும் சாணை பிடிக்கப்பட்டுவிட்டன.

இயந்திரம் ஓடுகிறது, ஆனால் வேலை சரியாக அமையவில்லை. நான்கடி நீளமுள்ள இரண்டு தேக்குப் பலகைகளின் விளிம்பை இழைத்து ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால், இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறது. இது தவிர, ஒவ்வொரு பலகையிலும் கடைசி இரண்டரை அங்குலம் மட்டும் தனியாகக் குழிந்து, விரலால் தடவினாலே படி போன்ற விளிம்பு தட்டுப்படுகிறது. பிளேடுகளை மூன்று முறை கழற்றி மாட்டியும் மாற்றமில்லை. மேசை வளைந்திருக்கும், அரைத்துத்தான் ஆகவேண்டும் என்று ஒரு கிரைண்டிங் பட்டறையில் சொன்னார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. மோட்டார் 2 குதிரைத்திறன், மும்முனை. வீட்டில் ஒருமுனை இணைப்பு மட்டுமே இருப்பதால் ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கி மோட்டாருக்குத் தரும் 230 வோல்ட் வி.எஃப்.டி. கருவி ஒன்றை வாங்கி இணைத்திருக்கிறேன். வெறுமனே ஓடும்போது எந்தச் சிக்கலும் இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சீவ முயன்றால் சுருதி இறங்கி மோட்டார் திணறுகிறது, சில நேரம் வி.எஃப்.டி. தானாகவே நின்றுவிடுகிறது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

வேங்கைமரம்:

பிளேடு சாணை சரியான கோணத்தில் அமையாவிட்டாலும், பெல்ட் தளர்ந்திருந்தாலும் மோட்டார் திணறும். எனவே முதலில் பெல்ட்டைப் பாருங்கள். கட்டர் பிளாக் உருளை வடிவமா, சதுரமா என்பதையும் தெரிவியுங்கள். சதுரமாக இருந்தால் அதில் மேற்கொண்டு ஒரு பலகையைக்கூட இழைக்க வேண்டாம். சதுரப் பிளாக்கின் மூலைகளுக்கு இடையே பெரிய வெற்றிடம் இருப்பதால், கை தவறினால் விரல் நுனியோடு நிற்காது. கையால் தள்ளி இழைக்கும் இயந்திரங்களில் உருளைப் பிளாக்தான் இருக்கவேண்டும் என்று பிரிட்டன் 1922லேயே சட்டவிதி கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான்.

கார்ஷெட் தச்சர்:

உருளைதான் ஐயா, விட்டம் 80 மி.மீ. பெல்ட் புதியது, கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம்தான் இறங்குகிறது. பிளேடு கை ரோமத்தை மழிக்கிறது.

சுருள்கம்பி:

மோட்டார் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு (மூன்று சுருள்களின் ஒரு முனை ஒரே முடிச்சில் சேர்வது) என்று இருக்கும் என நினைக்கிறேன். நம் நாட்டில் இந்த அளவு மோட்டார்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஸ்டாரில் ஒவ்வொரு சுருளுக்கும் 415ஐ 1.73ஆல் வகுத்துக் கிடைக்கும் 240 வோல்ட் தேவை. உங்கள் வி.எஃப்.டி. இரு முனைகளுக்கு இடையே தருவதே சுமார் 230 வோல்ட்தான். அதை ஸ்டாரில் கொடுத்தால் ஒரு சுருளுக்கு 133 வோல்ட் மட்டுமே போய்ச் சேரும். முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மோட்டாரின் வலுவில் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கிறது. வெறுமனே சுற்ற அது போதும். தேக்கைச் சீவப் போதாது.

மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால், இணைப்புப் பட்டைகளை மாற்றி டெல்டாவாக்கிவிடலாம், அதாவது சுருள்களை முக்கோணமாக இணைத்து ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட்டும் கிடைக்கச் செய்யலாம். மூன்று முனைகள் மட்டுமே இருந்தால் ஸ்டார் முடிச்சு சுருளுக்கு உள்ளேயே கட்டப்பட்டிருக்கும். ரீவைண்டிங் செய்பவரிடம் கொடுத்து அந்த முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். சுருளை முழுவதுமாக மாற்றத் தேவையில்லை. பிறகு வி.எஃப்.டி.யில் மோட்டார் மின்னழுத்தத்தை 240 என்றும், மின்னோட்டத்தைத் தகட்டில் உள்ளதன் 1.73 மடங்கு என்றும் பதியுங்கள், தகட்டில் 3.5 ஆம்பியர் என்றால் 6 ஆம்பியர். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய ஸ்டார்ட்டரையோ சுவிட்சையோ வைக்காதீர்கள், நிறுத்துவதும் இயக்குவதும் வி.எஃப்.டி.யின் கட்டுப்பாட்டு முனைகள் வழியாகவே நடக்கட்டும். எர்த் கம்பியை இயந்திரத்தின் உடலில் தவறாமல் இணைக்க வேண்டும்.

பழைய இரும்பு:

தம்பி, மேசையை அரைக்கக் கொடுக்காதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். அரைப்பது கடைசி வழி, அநேகமாகத் தேவையே இராது. ஒவ்வொரு மேசையும் தனித்தனியே தட்டையாக இருந்தும், இரண்டும் ஒரே தளத்தில் இல்லாமல் போகலாம். அரைத்தால் மேசையின் வளைவுதான் தீரும், இரண்டும் ஒரே தளத்தில் இல்லாத குறை அப்படியே இருக்கும். மேசையைக் கழற்றி இறுக்கிக் கட்டி அரைக்கும்போது வார்ப்பிரும்பு லேசாக வளைந்து, அவிழ்த்ததும் திரும்பி நின்று, முன்பில்லாத வளைவு ஏறிய கதைகளும் உண்டு.

உங்கள் பலகையின் நடுவே பள்ளம் விழுகிறது என்பதே ஒரு துப்பு. மேசைகளின் வெளி முனைகள் உயர்ந்து நடுப்பகுதி தாழ்ந்திருந்தால், பலகை பாலம்போல் இரு முனைகளில் தாங்கி நின்று, நடுப்பகுதியைக் கட்டர் தொடாமல் விட்டுவிடும். அப்போது பலகை வயிறு தள்ளியதாக வரும். உங்களுக்கு நேர்மாறாக வருவதால், வெளி முனைகள் தொங்கி, கட்டருக்கு அருகே மேடாக இருக்கிறது என்று ஊகிக்கிறேன். பழைய பிளேனர்களில் இது அடிக்கடி நேர்வது. மேசை ஏறி இறங்கும் சரிவான டவ்டெயில் பாதை ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, மேசை தன் எடையாலேயே வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். அளப்பதற்கு முன் மேசையின் பூட்டுத் திருகுகளையும் கிப் (பாதையில் மேசை ஆடாமல் பிடிக்கும் பட்டை) திருகுகளையும் இறுக்குங்கள், இல்லையேல் அளவு வேளைக்கு ஒன்றாக வரும்.

அளக்க நம்பகமான நேர்கோல் வேண்டும். கடையில் வாங்கிய அலுமினியச் சட்டத்தை அப்படியே நம்பாதீர்கள். காய்ந்த மரத்தில் நான்கடி நீளத்தில் மூன்று சட்டங்கள் செய்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் இரு முனைகளிலும் நடுவிலும் ஒரு திருகு செலுத்துங்கள். முதல் சட்டத்தை இரண்டாவதுடன் எதிரெதிராக வைத்து, நடுத் திருகைத் திருகி மூன்று புள்ளிகளும் தொடும்படி செய்யுங்கள். பிறகு முதலாவதை மூன்றாவதுடன், இரண்டாவதை மூன்றாவதுடன் பொருத்திப் பாருங்கள். இரண்டு மட்டும் பொருந்தினால் ஒன்றின் குழி மற்றதன் மேடாக இருக்கலாம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால், மூன்றுமே நேராக இருந்தே தீர வேண்டும். தட்டைப் பரப்பைத் துல்லியமாக உருவாக்க மூன்று தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறையை ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் 1840ல் விளக்கினார். இது அதன் எளிய வடிவம். ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.

கடைசி இரண்டரை அங்குலக் குழிக்குக் காரணம் வேறு, அது பிளேடு உயரம். பலகையின் வால் முன்மேசையை விட்டு நகர்ந்ததும், அது பின்மேசையில்தான் படுத்தாக வேண்டும். பின்மேசை பிளேடைவிடத் தாழ்ந்திருந்தால் பலகை அந்த அளவு இறங்கி, அதுவரை இல்லாத ஆழத்தில் வெட்டுப்படும். பிளேடை எப்படி அமைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கார்ஷெட் தச்சர்:

மிக்க நன்றி ஐயா. மூன்று சட்டங்களும் தயாராகி அளந்துவிட்டேன். முன்மேசை தன்னளவில் தட்டை, பின்மேசையும் அப்படியே. ஆனால் முன்மேசையோடு சேர்த்துப் பார்க்கும்போது, 60 செ.மீ. நீளமுள்ள பின்மேசையின் வெளி முனையில் ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) 0.50 மி.மீ. தகடு நுழைகிறது, 0.55 தகடு நுழையவில்லை. இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அதே அளவு.

பிளேடைப் பொறுத்தவரை, மரக்கட்டையைப் பின்மேசையில் வைத்து பிளாக்கைக் கையால் சுற்றும்போது, பிளேடு கட்டையை 6 மி.மீ. இழுத்துச் செல்லும்படி அமைத்தேன். பிளேடு சற்று தூக்கலாக இருந்தால் நன்றாக வெட்டும் என்று ஒருவர் சொன்னார்.

பழைய இரும்பு:

அந்த 6 மி.மீ. தான் உங்கள் குழி. 80 மி.மீ. விட்டமுள்ள பிளாக்கில் கட்டை 3 மி.மீ. நகர்ந்தால் பிளேடு மேசையைவிட 0.03 மி.மீ. உயரம் என்று கணக்கு, 6 மி.மீ. நகர்ந்தால் 0.11 மி.மீ. ஆகிவிடும். தூரம் இரட்டிப்பானால் உயரம் நான்கு மடங்காகும். மூன்று பிளேடுகளுக்கும், ஒவ்வொன்றின் இரு ஓரங்களிலும், 3 மி.மீ. வரும்படி அமையுங்கள். ஆனால் இதைக் கடைசியில் செய்யுங்கள், மேசையை நிமிர்த்திய பின்.

மேசையை நிமிர்த்த, டவ்டெயில் பாதையில் மேசையின் அடிப்பரப்பு தாங்கி நிற்கும் நீளத்தை அளந்து பாருங்கள். சுமார் 20 செ.மீ. என்றால், 60 செ.மீ. தூரத்தில் 0.5 மி.மீ. தூக்க, பாதையின் வெளி நுனியில் 0.17 மி.மீ. தகடு கொடுக்க வேண்டும். 0.15 மி.மீ. பித்தளைத் தகடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் குளிர்பான டப்பாவின் தகரம் ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும், அதையும் பயன்படுத்தலாம். கிப்பைத் தளர்த்தி, மேசையின் வெளி முனையை ஒருவர் மெல்லத் தூக்க, பாதையின் அந்த வெளி நுனியில் இடது வலது இரு பக்கமும் ஒரே அளவுத் தகட்டைச் செருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் செருகினால் மேசை முறுக்கிக்கொள்ளும். தகட்டின் வெளி விளிம்பை மடித்துவிட்டால் வேலையின்போது நகராது. கிப்பை இறுக்கி, சட்டத்தை வைத்து மீண்டும் அளந்து, வேண்டியபடி கூட்டிக் குறையுங்கள். பின்மேசையை ஒருமுறை அமைத்தபின் பெரும்பாலும் நகர்த்தமாட்டோம், ஆகவே தகடு அங்கேயே நிலைத்துவிடும்.

மேசையின் மேற்பரப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுத்து மரத்தூளைப் பிடித்துக்கொள்ளும். சிலிகான் கலந்த பாலிஷும் வேண்டாம். அது மரத்தில் ஒட்டி, பின்னால் வார்னிஷ் திட்டுத்திட்டாகப் பிடிக்காமல் போகும். சாதாரண மெழுகு போதும்.

வேங்கைமரம்:

மூன்று சட்டங்களைக் கொண்டு அளக்கும் முறையை நானும் குறித்துக்கொண்டேன். தகடு செருகும்போது மின்சாரத்தைப் பிளக்கிலிருந்தே கழற்றிவிடுங்கள், வி.எஃப்.டி.யை நிறுத்தினாலும் அதனுள் மின்தேக்கிகள் சில நிமிடம் மின்னூட்டத்தோடு இருக்கும்.

கார்ஷெட் தச்சர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மோட்டாரில் மூன்று முனைகள்தான் இருந்தன; ரீவைண்டிங் கடையில் முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளாக எடுத்துத் தந்தார்கள். டெல்டாவில் 2 மி.மீ. சீவினாலும் சுருதி இறங்கவில்லை. டவ்டெயில் பாதைக்கு முதலில் 0.15 தகடு வைத்தேன், முனையில் 0.05 மிச்சம் இருந்ததால் ஓர் அலுமினியத் தாளைச் சேர்த்தேன். பிளேடுகளை 3 மி.மீ. நகர்வுக்கு அமைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் திருகை இறுக்கும்போதெல்லாம் பிளேடு மயிரிழை மேலே ஏறியது. கடைசியில் எல்லாத் திருகுகளையும் சிறிது சிறிதாகச் சுற்றுமுறையில் இறுக்கியபோதுதான் நின்றது.

நேற்று அதே இரண்டு தேக்குப் பலகைகளை மீண்டும் இழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். எங்கும் ஒளி தெரியவில்லை. வாலில் குழியும் இல்லை. என் மாமனார் வந்து விரலால் விளிம்பை முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்த்தார். பிறகு, பட்டறையில் இருந்த கடைசி நாலைந்து வருடமும் இந்த மிஷினில் நீளமான விளிம்பை இழைத்துவிட்டு, நடுப்பகுதியைக் கை இழைப்புளியால் சரிசெய்துதான் பசை வைத்தோம், மேசை தொங்குகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை என்றார். அந்தப் பலகைகளைப் பசை வைத்துச் சேர்த்து, அவருடைய ஊஞ்சல் பலகைக்காக இப்போது கிளாம்பில் பூட்டியிருக்கிறேன்.